ஓடைக்கரைப் பெருச்சாளிகளும் வீடு பார்க்க வந்தவர்களும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், எங்களைவிடத் தோட்டத்து ஓடைக்கரையில் குடியிருக்கும் பெருச்சாளிகள் ரொம்ப நலம். நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டு அக்கா வீட்டுப் பக்கம் அபார்ட்மெண்டுக்குப் போய்விடுங்கள் என்று நீ போனில் சொன்னதும், உன் அப்பா "உன் இஷ்டம்ப்பா" என்று தலையாட்டியதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ புரோக்கரை அனுப்பியதும் எல்லாம் எனக்குத் தெரியும். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் எலிக்கதையை முதலில் சொன்னால்தான் மற்றது உனக்கு விளங்கும்.

போன மழைக்குப் பிறகு கரை முழுக்க வளை. சாதாரண எலியா, ஒவ்வொன்றும் பூனைக் கனம். வெட்கம் மானம் கிடையாது, பட்டப்பகலில் துவைக்கிற கல்லில் ஏறி உட்கார்ந்து மூஞ்சி கழுவுகின்றன, வாளியோடு போகிற நான்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். கிழங்குப் பாத்தி போயே போச்சு. முழுசாகத் தின்றாலாவது பரவாயில்லை, குறை சொல்ல வந்த சம்பந்தி மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துப் போட்டுவிட்டுப் போகின்றன. நீ பார்சலில் அனுப்பினாயே ஒரு பெட்டி, அதன் சத்தம் நமக்குக் கேட்காதாம், எலிக்கு மட்டும் கேட்டு ஓடிவிடுமாம். நன்றாகக் கேட்டிருக்கிறது, கச்சேரிக்கு வந்த மாதிரி குடும்பத்தோடு வந்து ஒயரைக் கடித்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பூனையோ எலியைக் கண்டால் வழிவிடுகிறது, அதற்குத் தண்டச்சோறு. மருந்துக்கடைக்காரர் கரையில் விஷம் வையுங்கள் என்கிறார், அந்தத் தண்ணீரில்தான் கீழ்வீட்டு ஆடுகள் வாய் வைக்கின்றன என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

எல்லாரையும்விட உன் அப்பாதான் கெட்டிக்காரர். ஆயுசு முழுக்கக் குடிநீர்க் குழாய் போட்ட மனுஷன் அல்லவா, "தண்ணி எங்க போவும்னு எனக்குத் தெரியாதா, நீ சும்மா இரு" என்று கரை வளைக்குள் ஹோஸை நுழைத்து மோட்டாரைப் போட்டுவிட்டார். தண்ணீர் போயிற்று, எங்கே போயிற்று? வளை சமையலறைக்கு அடிவரைக்கும் வந்திருக்கிறது, தரைக்கல்லைத் தூக்கிக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கத்தில் பொங்கிக்கொண்டு வந்தது. நான் கத்துகிறேன், மோட்டார் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. அரிசி நனைந்தது, நான் நனைந்தேன், அவரும் நனைந்தார். நனையாதது பெருச்சாளி மட்டும்தான், வேறு வளை வழியாக வெளியே வந்து கரையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் உன் அப்பா எலி என்ற பேச்சையே எடுப்பதில்லை.

இந்த லட்சணத்தில்தான் உன் புரோக்கர் ஒரு பல் டாக்டரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, இந்தச் சுவரை இடிக்கலாம், அந்த அறை எதற்கு என்று நான் நிற்கும்போதே பேசிக்கொண்டார்கள். நீ பிறந்து தவழ்ந்த அறையைத்தான் எதற்கு என்றாள் அந்தம்மா. உன் அப்பா பொம்மை மாதிரி பின்னாலேயே போனார். சரி, தோட்டத்தையும் பார்த்துவிடுங்கள், ஓடை ரொம்ப அழகு என்று நானே கூட்டிப் போனேன். புரோக்கர் கண்ணைக் காட்டினார், நான் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வளையாகக் காட்டினேன், சமையலறைத் தரைக்கல்லையும் தூக்கிக் காட்டினேன். சொல்லி வைத்த மாதிரி ஒரு பெருச்சாளித் தடியன் அந்தம்மா காலடியிலேயே நிதானமாக நடந்து போனான். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. டாக்டர் காரில் ஏறியதையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை, அப்படி ஒரு வேகம்.

அவர்கள் போனபிறகு உன் அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மனுஷன் படிக்கட்டில் உட்கார்ந்து, "எனக்கு மட்டும் போக மனசா, பையன்கிட்ட வேணாம்னு சொல்ல வாய் வரல, நீயாவது செஞ்சியே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது உனக்கு மறந்திருக்கலாம், எங்களுக்கு மறக்கவில்லை.

உனக்கும் மருமகளுக்கும் குட்டிக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு. இனிமேல் இந்த வீட்டுக்கு யாரையாவது அனுப்புவதாக இருந்தால் உன்னையே அனுப்பு. குட்டி பிறந்ததிலிருந்து நீ இந்த வாசலை மிதிக்கவில்லை, அதற்கு ஐந்து வயதாகிறது, இன்னும் எங்களைப் போனில்தான் பார்த்திருக்கிறது.

இப்படிக்கு,
வீட்டை விட்டு நகராத உன் அம்மா