எல்லைக்கு எந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கல்லூரி முடிந்து, நாகப்பட்டினத்தில் சட்ட நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கும் போய்விட்டுக் காரைக்கால் பஸ்ஸில் திரும்பினேன். நாகூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, திருமலைராயன்பட்டினத்தில் பையைத் துழாவி, "ஐயோ, போனக் காணோமே!" என்று அலறினார். பஸ்ஸே பட்டிமன்றமாகிவிட்டது. நாகூரில் போயிருந்தால் தமிழ்நாட்டுப் போலீஸ், வாஞ்சூர் எல்லை தாண்டியிருந்தால் புதுச்சேரிப் போலீஸ். "அந்தாண்ட எடுத்தானா இந்தாண்ட எடுத்தானான்னே தெரியல. எங்கம்மா போவீங்க?" என்றார் கண்டக்டர்.

போன வாரம்தான் படித்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாங்க. அவங்களே சரியான எடத்துக்கு அனுப்பிடணும்."

"அப்ப நீங்களும் வாங்க," என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஏட்டு என்னைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

"எங்க வக்கீலுங்க," என்றார் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல். மறுக்கத் திறந்த வாயை ஏனோ மூடிக்கொண்டேன்.

ஒன்றுதான் குடைகிறது. நாங்கள் பின்சீட்டில் இருந்தோம். பஸ்ஸின் முன்பாதி எல்லையைத் தாண்டி, பின்பாதி தாண்டாத நேரத்தில் எடுத்திருந்தால், திருட்டு எந்த ஊரில் நடந்தது? நாளை பயிற்சி வகுப்பில் சாரிடம் கேட்க வேண்டும்.

ஏன் இவ்வளவு நேரம் என்று அப்பா கேட்டார். பஸ் லேட் என்றேன். நான் வங்கித் தேர்வுக்குப் படிப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் வக்கீல் என்று இன்று ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கே தெரியும். அப்பாவுக்குத்தான் இன்னும் தெரியாது.