சுகன்யா வராத சனிக்கிழமைகள்

14 செப்டம்பர் 2002, சனி

இன்றும் மழை இல்லை. முந்திரிக் கொல்லைகளில் வேலை இல்லாததால் பெண்கள் துணியில் பூ வரையும் வகுப்புக்குத் தவறாமல் வருகிறார்கள். மாதா கோயில் பங்கு மண்டபத்தில் பாய் போதவில்லை.

ஒரே வீச்சில் ரோஜா இதழ் போடச் சொல்லிக்கொடுத்தேன். பிரஷின் ஒரு ஓரத்தில் அடர் ரோஸ், மறு ஓரத்தில் வெள்ளை. துணியில் வைத்து மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் இதழ் தானாக விரிய வேண்டும். எல்லோருக்கும் கத்தரிக்காய் மாதிரிதான் வந்தது. சுகன்யாவுக்கு மட்டும் வந்துவிட்டது. வந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு அண்ணன் வீட்டில் கிடக்கிற பெண். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

தொடங்கும்போது எப்போதும் போல ஒரு சின்ன ஜெபம். சுகன்யாவும் ராசாத்தியும் இந்துப் பிள்ளைகள், பக்கத்துக் கிராமம். அவர்கள் கண்ணை மூட வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ராசாத்தி மூடுவதில்லை. சுகன்யா மூடுகிறாள்.

எனக்குப் பாட வராது. கூட்டத்தில் எழுந்து பேசவும் வராது. பூ வரையும்போது மட்டும் மாதா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. அதை என்னோடு மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். இவர் கேட்கிறார், "சம்பளமே இல்லாம எதுக்கு மேரி இந்தப் பாடு?" என்று. 

28 செப்டம்பர்

கிறிஸ்து அரசர் திருநாளுக்குக் கோயில் பீட விரிப்பு ஒன்று தயாராகிறது. நடுவில் சிலுவை, சுற்றிலும் அல்லிப் பூக்கள். மூலை அல்லிகளைச் சுகன்யாதான் வரைகிறாள். "வூட்ல வச்சி முடிச்சிட்டு வரேன் டீச்சர், பகல்ல எனக்கு வேலையே இல்ல" என்றாள். கொடுத்தனுப்பினேன்.

29 செப்டம்பர்

கொடுத்திருக்க வேண்டாமோ?

6 அக்டோபர்

பேப்பரில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் ஜெயில். இவர் சிமெண்ட் ஆலை ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாகச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"இனிமே கிளாஸ்ல ஜெபம் வேணாம்."

"நான் யாரையும் மாத்தலையே."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கேக்குறவனுக்குத் தெரியணுமே."

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

12 அக்டோபர், சனி



வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சுகன்யா வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அண்ணன் வீரமணி வந்தான், கூட இரண்டு பேர். கையில் பீட விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"யாரு இங்க மேரி டீச்சரு?"

எழுந்தேன். விரிப்பை உதறி என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். சிலுவை. பாதி முடித்த அல்லி. "இத எதுக்கு எந்தங்கச்சி கையில குடுத்தீங்க? எங்க வூட்டு சாமி மாடத்துக்கு முன்னால உக்காந்து இத வரஞ்சிக்கிட்டு இருக்கா. கேட்டா, கண்ண மூடிக்கிட்டா மனசு நல்லாருக்குங்கிறா. என்னா செஞ்சீங்க அவள?"

"ஒண்ணும் செய்யலப்பா. பூ வரையச் சொல்லிக் குடுத்தேன்."

"பூவா இது?"

கூட வந்தவன் மேசையைக் காலால் தள்ளினான். பெயிண்ட் பாட்டில்கள் உருண்டன. நீலம் உடைந்து பாயெல்லாம் ஓடியது. பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள், ஒருத்தி அழுதாள். வீரமணி மட்டும் அந்த நீலத்தை மிதிக்காமல் நின்றான். அதை ஏன் கவனித்தேன் என்று தெரியவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. கோபம் மட்டும் இல்லை அது. ஒருமுறை தங்கச்சியைத் தொலைத்தவன், இன்னொரு முறையும் தொலைக்கப் போகிறோம் என்று பயந்துபோய் நிற்கிறான்.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

13 அக்டோபர்

ஞாயிறு பூசையில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இல்லாமலா? இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

16 அக்டோபர்

ஸ்டேஷன். பங்குச் சாமியாரும் இவரும் கூட வந்தார்கள். பெஞ்சில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "அந்தப் பொண்ண கோயிலுக்கு வரச் சொன்னீங்களாம்மா?"

"இல்ல சார்."

"பொருள் ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"பிரஷ், பெயிண்ட், துணி. எல்லாருக்கும் குடுக்கிறதுதான்."

"இப்ப இருக்கிற நிலமையில பிரஷ் குடுத்தாலே ஆசை காட்டுனதும்பாங்க. இந்தப் புகார் முடியிற வரைக்கும் கிளாஸ் வேணாம். முடியாதுன்னா எஃப்.ஐ.ஆர். போட வேண்டியிருக்கும்."

சாமியார் என்னைக் கேட்காமலே தலையாட்டினார். திரும்பும்போது, "கொஞ்ச நாளைக்கு அமைதியா இரும்மா. உன் ஒருத்தியால ஊரே ரெண்டாகக் கூடாது" என்றார். மண்டபத்துச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

என் ஒருத்தியாலா?

17 அக்டோபர்

நேற்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை.

வரச் சொன்னேனா? இல்லை. ஆனால் அவள் கண்ணை மூடும்போதெல்லாம் எனக்குள் ஒன்று துள்ளியதே, அது என்ன? "மாதாவே, இவளை உன் பிள்ளையாக்கிக்கொள்" என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேனே. தினமும் வேண்டினேன். அதைக் கேட்க ஸ்டேஷனுக்கு உரிமை இல்லை. சுகன்யாவுக்கு?

5 நவம்பர்

தீபாவளிக்கு மறுநாள். ராசாத்தி முறுக்கு கொண்டு வந்தாள், வாசலிலேயே நின்று அவசரமாகச் சொன்னாள். சுகன்யாவை வீட்டை விட்டு வெளியே விடுவதில்லையாம். அரும்பாவூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம். மனைவி இறந்தவர், பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள், குடி உண்டு. தை மாதம் கல்யாணம்.

"சுகன்யா என்ன சொல்றா?"

"அவ எங்க டீச்சர் பேசுறா? சோறே திங்கிறதில்ல. போன வாரம் கெணத்துப் பக்கமா போனவள அவங்கம்மா பாத்து இழுத்துட்டு வந்துச்சாம்."

கிணறு. இந்த வருடம் கிணற்றில் தண்ணீர்கூட இல்லை. வெறும் பாறை.

6 நவம்பர்

நான் கொடுத்த விரிப்பு. நான் கொடுத்த விரிப்பால்தான்.

17 நவம்பர்

சுகன்யா வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். சாமியார் வேண்டாம் என்கிறார். இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போனேன்னா நேரா ஜெயில்தான். நம்ம புள்ளைங்கள யாரு பாக்குறது? கொஞ்சமாச்சும் ரோசன பண்ணு." அவர் கத்துகிற ஆள் இல்லை. பயம் கத்த வைக்கிறது. எல்லோருக்கும் பயம். வீரமணிக்கு, சாமியாருக்கு, இவருக்கு, எனக்கு. அந்த வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறவளுக்கு எவ்வளவு இருக்கும்?

24 நவம்பர்

கிறிஸ்து அரசர் திருநாள். பீடத்தில் வெறும் வெள்ளைத் துணி. 

1 டிசம்பர், ஞாயிறு

போனேன்.

இவர் ஷிப்டுக்குக் கிளம்பினதும் கிளம்பினேன். கொல்லை வழியாக நடந்தேன். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு வாழைப்பழம்கூட. எதைக் கொடுத்தாலும் குற்றமாகிவிடும் என்ற பயம்.

சுகன்யாவின் அம்மா இருசம்மாள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அரிவாள்மணையைத் தள்ளிவைத்தார். எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எம்மவனுக்குத் தெரிஞ்சா என்னாவும் தெரியுமா?"

"தெரியும்மா. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன்."

"நான் கேக்குறதுக்கு மொதல்ல பதில் சொல்லு. எம்மவள உங்க கோயிலுக்குக் கூப்பிட்டியா?"

"கூப்பிடல."

"அவளா வரேன்னாளா?"

"இல்லம்மா."

அவர் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை இன்ஸ்பெக்டருடைய பார்வை இல்லை. "அப்ப ஒம்மனசுல? அவ வரணும்னு ஆச இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுகூட நினைத்தேன். 

"இருந்துச்சும்மா. வாயத் தொறந்து கேட்டதில்ல. ஆனா மனசுல வேண்டிக்கிட்டேன். அது தப்புன்னா என்னயத் திட்டுங்க. அதுக்காக அவள அரும்பாவூருக்கு அனுப்பாதீங்க."

அவர் விரலில் ஒட்டிய புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் ஆசதான்" என்றார் பிறகு. "கட்டுனவன் மறுபடி கூட்டிக்கிட்டுப் போவணும்னு எனக்கு ஆச. எங்கயாச்சும் ஒருத்தங்கிட்ட புடிச்சிக் குடுத்துடணும்னு எம்மவனுக்கு ஆச. ஒனக்கு ஒரு ஆச. அந்தப் புள்ளகிட்ட யாரு கேட்டம்?"

உள்ளே திரும்பி, "ஏ சுகன்யா, வெளிய வா" என்று கூப்பிட்டார்.

வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு என்னாடி வேணும்? யாருக்கும் பயப்படாம சொல்லு."

 அம்மாவைப் பார்த்து, "எனக்கு சாமி எல்லாம் மாத்த வேணாம்மா" என்றாள். "கல்யாணமும் வேணாம். வரையணும். வரையறப்பதான் நான் எதுக்கும் ஆவாதவன்னு தோண மாட்டேங்குது."

அதைக் கேட்டபோது என்னுள்ளே ஏதோ இறங்கிப்போனது. வலித்தது. இல்லையென்று எழுத மாட்டேன். ஆனால் வலித்த இடத்திலேயே லேசாகவும் இருந்தது.

அப்போதுதான் வீரமணி வந்தான். சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னை நோக்கி வந்தான். கை ஓங்கியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. இருசம்மாள் நடுவில் வந்து நின்றிருந்தார்.

"அடிக்கிறதுன்னா என்ன அடி. இவ பொய் சொல்லல. பொய் சொல்லியிருந்தா நானே தொரத்தியிருப்பேன். ஒந்தங்கச்சி கெணத்துல உழுந்திருந்தா யாரு மேலடா அப்ப கேஸ் குடுப்ப?"

அவன் கை அப்படியே இறங்கியது. வாசல்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "நான் கெட்டதுக்கா செய்யிறேன்?" என்று மட்டும் கேட்டான். 

அரியலூரில் எனக்குத் தெரிந்த வைரக்கண்ணு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார், புடவையில் பூ வரைய ஆள் தேடுகிறார் என்று சொன்னேன். அவர் எங்கள் மதம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது வெட்கமாக இருந்தது. இருசம்மாளின் தங்கை அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில்தான் இருக்கிறாராம், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு. அங்கே தங்கிக்கொண்டு போய்வரலாம்.

வீரமணி நிமிர்ந்தான். "சரி. கல்யாணத்த நிறுத்திடறேன். கேசயும் வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. இனிமே நீங்க எந்தங்கச்சிய பாக்கக் கூடாது."

சுகன்யா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல், "சரிப்பா" என்றேன்.

2 டிசம்பர்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு எழுந்து காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இன்றுதான்.

20 டிசம்பர்

புகாரை வீரமணி வாபஸ் வாங்கிவிட்டானாம். மண்டபத்துச் சாவி மட்டும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

11 ஜனவரி 2003, சனி

சுகன்யா பொங்கல் முடிந்து அரியலூர் போகிறாளாம். ராசாத்தி சொன்னாள். ஒரு நல்ல பிரஷ் கொடுத்தனுப்பலாமா என்று எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

15 பிப்ரவரி, சனி

வீட்டிலேயே வகுப்பு. மூன்று பேர்தான். சாட்டின் ரிப்பனில் ரோஜா சுற்றச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜெபத்தை அவர்கள் வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறேன், தனியாக. பயத்தாலா, மரியாதையாலா? இரண்டும்தான். பிரஷை எடுத்ததும் அந்தச் சந்தோஷம் என்னவோ வந்துவிடுகிறது. அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் ஆனால் வாசலைப் பார்க்கிறேன். சுகன்யாவுக்காக இப்போது என்ன வேண்டிக்கொள்வது? "நன்றாக இருக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்துவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

19 ஏப்ரல்

பெரிய சனி, நாளை ஈஸ்டர். பாஸ்கா மெழுகுதிரிக்குப் பூ அலங்காரம் செய்யச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். சாவியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

28 ஜூன், சனி

ரிப்பனும் காம்பு சுற்றும் பச்சை டேப்பும் வாங்க அரியலூர் போனேன். கடைத்தெருவில் வைரக்கண்ணு அக்கா கடை எதிரிலேயே வந்துவிட்டது. வேண்டுமென்றே அந்தப் பக்கம் போனேனா? ஆமாம், வேண்டுமென்றேதான்.

கடையின் பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். ஜன்னல் வழியே சுகன்யாவின் குரல் கேட்டது. வரைகிற குரல் இல்லை, சொல்லிக்கொடுக்கிற குரல்.

"தப்பாப் போச்சுன்னு தொடைக்காதீங்கக்கா. அத அப்புடியே எலையா இழுத்துடுங்க. பாருங்க, இப்புடி."

அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் எப்போதும் துடைக்கச் சொல்வேன். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை.

திரும்பினால் கடையோரத்தில் வீரமணி. தங்கச்சியைப் பார்க்க வந்தவன் போல; சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை. என்னைப் பார்த்துவிட்டான்.  கொடுத்த வார்த்தையை மீறிவிட்டேன். "தற்செயலா வந்தேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கடை நிழலில் நின்ற சைக்கிளைத் தள்ளி வெயிலில் நிறுத்தினான்.

"இப்புடி நெழல்ல நில்லுங்க டீச்சர். கிளாஸு முடியப் போவுது. பாத்துட்டே போங்க."

நான் ஏற வேண்டிய ஜெயங்கொண்டம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் நிழலில் நின்றேன்.