பாஸ்போர்ட் வேண்டாத தேசம்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

ஆண்டவரே, நல்லா இருக்கீங்களா? உங்களை இப்படி யாரும் விசாரிப்பதில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் வேங்கிக்கால் சபைக்கு நடந்தே போனேன். வழியில் மோர் கொடுத்தவர் என்னையும் கிரிவலம் வந்தவன் என்று நினைத்துவிட்டார். அதை விடுங்கள்.

ஊழியம் செய்ய நேபாளத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சபையில் போதகர் கேட்டார். ஜெபத்தில் நீங்கள் பனிமலையைக் காட்டினீர்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எதையும் காட்டவில்லை. அங்கே போக பாஸ்போர்ட் வேண்டாம். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அவ்வளவுதான்.

படுக்கையில் கிடக்கும் தன் அம்மாவை விட்டு வரவே மாட்டேன் என்றிருந்தவள் என் மனைவி எஸ்தர். வீட்டுக்கு வந்ததும், "கர்த்தரே காட்டிட்டாருன்னா வேணாம்னு சொல்ல நான் யாருங்க? அம்மாவ அக்கா வூட்ல வுட்டுட்டு வரேன்" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இப்போது உள்ளே அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியபடி அந்தப் பனிமலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அங்க ஜாஸ்தி குளுருமே, என் கம்பளிய எடுத்துக்கடி" என்கிறார் மாமியார்.

"ஏங்க, கம்பளி பரண் மேல இருக்குது, வந்து எடுத்துக் குடுங்க."

கூப்பிடுகிறாள். கம்பளியில் கை வைப்பதற்கு முன்னால் அவளிடம் அந்த மலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ஆண்டவரே.