மலை சத்தம் நிறுத்திய பிறகு

பேலு தீவு,
வியாழன் காலை

அன்பு மகள் லித்தியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இன்று காலை வரை சுகம். சுவா ஆஸ்பத்திரியில் ஓடி ஓடி வேலை செய்யும் என் நர்ஸ் மகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். மேலே உள்ள ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பாய். ஆமாம், நாங்கள் சலேவாவில் இல்லை. எதிர்த்தீவில், பள்ளிக்கூடக் கொட்டகையில் பாய் விரித்து இருக்கிறோம், ஊர் ஜனமெல்லாம் எங்களோடு. பதறாதே, முதலிலிருந்து சொல்கிறேன்.

கரை மண்ணில் பறவை முட்டை தோண்டி எடுக்கும் டோர்க்காஸை உனக்கு நினைவிருக்கும். படிக்கத் தெரியாது என்று ஆராதனையில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவாளே, அவள் இரண்டு மாதத்துக்கு முன் எழுந்து நின்று லூக்கா சுவிசேஷத்தில் ஏழு வசனத்தைத் தன் பாஷையில் தானே வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்ததில் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டன. முடித்ததும் அவள், "இத்தன நாளா என்கிட்ட சொல்லாமயே இதெல்லாம் எழுதி வெச்சிருந்தீங்களா?" என்று கேட்க, சபையே சிரித்தது. ஃபிஜியை விட்டு சலேவாவுக்கு வந்து பதினான்கு வருஷமாயிற்று, இந்த ஒரு நாளுக்காகத்தான் வந்தோம் போல என்று உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே அவள் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். எரிமலைச் சூட்டில் தானே பொரியட்டும் என்று பறவைகள் மண்ணில் புதைத்துவிட்டுப் போகும் முட்டைகள்தான். "பாஸ்டரம்மா, ஒண்ண உடைச்சுப் பாருங்க" என்றாள். உடைத்தேன். உள்ளே வெந்து கட்டியாகியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள், "கர்த்தர் அடுப்பையும் மூட்டிக் குடுத்துட்டாரு, இனி நமக்கு விறகு மிச்சம்" என்று கேலி பண்ணினார்கள். டோர்க்காஸ் சிரிக்கவில்லை, தன் கையை நீட்டினாள். முழங்கை வரை கொப்புளம். நான் மருந்து போட்டேன். அதன் பிறகு கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று, மேல்சரிவுத் தென்னைகள் நின்றபடியே ஓலை பழுத்துக் காய்ந்தன, பாயில் படுத்துக் காதை வைத்தால் அடியில் கனமான பெட்டியை யாரோ இழுப்பதுபோல் சத்தம்.

ஊர்த்தலைவர் ஓசேயா வந்து உன் அப்பாவிடம் சண்டை போட்டார். "பறவ முட்ட வெக்கிற நிலத்துலயா புதுச் சபைக்கு அஸ்திவாரம் தோண்டுவீங்க? மலைக்குக் கோபம் வராம என்ன செய்யும்? ஒரு பன்றி குடுங்க ஐயா, அடங்கிடும்" என்றார். பன்றியும் கொடுக்க மாட்டேன், ஓடவும் மாட்டேன் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். கிறிஸ்மஸ் அன்று சபைப் பிரதிஷ்டை, கூரைத் தகடு வந்து இறங்கியிருக்கிறது, அவர் மனசெல்லாம் அதில்தான். நான் எத்தனையோ சொன்னேன். "மெரே, நீயே நம்பலேன்னா ஜனங்க எப்படி நம்புவாங்க?" என்றுவிட்டார்.

முப்பது வருஷத்தில் சபைக்கு முன் நான் அவர் பேச்சை மீறியதில்லை, லித்தியா. ஆனால் அவர் ஆண்களோடு மரம் அறுக்க மலைக்கு அந்தப்பக்கம் போயிருந்த அன்று, கிணறு கொதித்துக் குமிழ் விட்டதைப் பார்த்தேன். போய்ச் சபை மணியை அடித்தேன். ஓடிவந்த பெண்களிடம், "பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு படகுல ஏறுங்க, ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். கொப்பரை ஏற்றும் படகில் நாலு நடையில் எல்லோரும் வந்துவிட்டோம். ஓசேயாவும் அவர் மனைவி அபியாளும் மட்டும் வரவில்லை. அபியாளுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகிறதே. "அவளத் தூக்கினா வழியிலயே போயிடுவா, நாங்க இருந்துக்கறோம்" என்று ஓசேயா கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் உன் அப்பா ஆண்களோடு வந்து சேர்ந்தார். எல்லோர் முன்னாலும் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், நான் வைத்த மரவள்ளியைச் சாப்பிட்டார், பிறகு, "மணிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு மெரே. சாவு மணின்னு நெனச்சு, நீதான் செத்துட்டியோன்னு ஓடி வந்தேன்" என்றார்.

இப்போது ஒன்பது நாளாக மலை சத்தமே போடவில்லை. புகையும் இல்லை. என்னோடு வந்த பெண்களே, "பாஸ்டரம்மா நமக்கு ஊர் சுத்திக் காட்டினாங்க" என்று கிண்டல் செய்கிறார்கள், தோட்டம் பாழாகிறது, திரும்பலாம் என்கிறார்கள். ஆனால் மலையைப் பார்க்க வந்த அரசாங்க ஆள் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "சத்தம் போட்டப்பகூட எனக்கு இவ்வளவு பயமில்லம்மா. உள்ள மூச்சு அடைச்ச மாதிரி இருக்கு. யாரையும் திரும்பிப் போக விடாதீங்க" என்றார். அதை உன் அப்பாவிடம் சொன்னேன். அப்படியானால் அபியாளை உடனே கொண்டுவர வேண்டும் என்று எழுந்துவிட்டார், அதில் எனக்குப் பெருமைதான். அடுத்த மூச்சிலேயே, "அப்படியே கூரையையும் போட்டுட்டு வந்துடலாம், ரெண்டே நாள்" என்கிறார். அந்த இரண்டு நாளுக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

நாளைக் காலை சலேவாவுக்குப் படகு போகிறது. நானும் போகிறேன். அபியாளின் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள் நான்தான், வலிக்காமல் அவளைப் புரட்டி எடுக்க என்னால்தான் முடியும். நான் பக்கத்தில் நின்று நச்சரித்தால் இரண்டு நாள் ஒரு நாளாகக் குறையும் என்பது இன்னொரு காரணம். டோர்க்காஸிடம் ஊர்ப் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறேன்.

இதே கவரில் அப்பாவின் கடிதமும் இருக்கிறது. மலை அடங்கிவிட்டது, பிரதிஷ்டைக்கு லீவு போட்டு வா என்று ஆசையாக எழுதியிருக்கிறார். வராதே மகளே. அப்பா பேச்சை மீறு என்று உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அவர்மேல் கோபப்படாதே, நல்ல மனுஷன். இருமலை அலட்சியம் செய்யாதே, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, சனிக்கிழமைதோறும் அத்தையைப் போய்ப் பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அடுத்த கப்பலில் என் கையெழுத்தில் கடிதம் வரும். வேறு கையெழுத்தில் வந்தால், தனியாகப் பிரிக்காதே, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மெரே