அவறான் மாஷும் மஞ்சள் கொடியும்

கோழிக்கோடு,
நவம்பர் 11.

அன்புள்ள ஜஸீலாவுக்கு,

சனிக்கிழமை, நமக்குக் கால்பந்து பழக்கிய அவறான் மாஷின் நினைவுக் கூட்டத்தில் மேடையேறி இருபது நிமிடம் சைகைமொழியில் பேசியும் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அன்றைய ஆட்டத்தில் நடுவர் சாத்துக்குட்டி கொடியை உயர்த்தினார். நான் அதைப் பார்த்தேன்.

இனி நலம் விசாரிக்கலாம். ஷார்ஜாவில் வெயில் குறைந்ததா? பேக்கரியில் மாவு மூட்டை தூக்குவதிலிருந்து உன்னை மாற்றினார்களா? முதுகுவலிக்கு வைத்தியரைப் பார்ப்பதாகச் சொன்னாயே, பார்த்தாயா? எனக்கு அச்சகத்தில் அதே மெய்ப்புத் திருத்தும் வேலைதான். பள்ளிப் பாடநூல்கள் வந்து குவிந்திருக்கின்றன. அம்மா நலம்.

வீடியோவில் கூப்பிட்டுச் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். விடுதியில் என் அறைக்கதவு சரியாக மூடாது. நம் சைகைப் பேச்சை நடைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கூடப் படித்துவிடலாம். அதோடு, பாதியிலேயே நீ கையை நீட்டி என்னை நிறுத்திவிடுவாய். காகிதத்தை உன்னால் நிறுத்த முடியாது.

கூட்டம் நம் காது கேளாதோர் பள்ளி அரங்கில்தான். நூற்று ஐம்பது பேராவது வந்திருப்பார்கள். மாஷின் படத்தில் காதுகள் இரண்டும் மாலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "படைச்சவன் உங்க எல்லார் காதையும் சேர்த்து எனக்கே ஒட்டிட்டான், அதான் தலையில தொப்பி நிக்கமாட்டேங்குது" என்று அவர் சொல்வாரே, அதைத்தான் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 

பழைய மாணவர் சங்கத் தலைவர் இப்போது சஜீவன். என்னைப் பார்த்ததும் ஓரமாக இழுத்துப்போனான். மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறாராம். ஒன்பது வருடத்துக்கு முன் மாஷுக்குப் போட்ட தடை தவறு என்று அறிவித்துவிட்டு, பெண்கள் போட்டியின் கோப்பைக்கு அவர் பெயரையே வைக்கத் தயாராம். ஒரே ஒரு வாக்குமூலம் வேண்டும்: அன்று நடுவர் கொடியே காட்டவில்லை என்று, அந்த ஆட்டக்காரி, அதாவது நான், எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நீ கையெழுத்து போட்டா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன். மாஷுக்கு இதவிட என்ன செய்ய முடியும் நம்மால?" என்றான். தட்டச்சு செய்த காகிதத்தைப் பையிலேயே வைத்திருந்தான்.

அப்போதுதான் கடைசி வரிசையில் சாத்துக்குட்டியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. மடியில் குடை. நபீஸாத்தாதான் அழைத்திருக்கிறார், மாஷின் மனைவி அழைத்தவரை யார் வெளியே போகச் சொல்வது? ஆனால் கைகள் சும்மா இருக்குமா? "இந்தாள எவன் கூப்பிட்டது?" "மாஷ் சாப்பாட்டுல மண்ண போட்டவன், பிரியாணி திங்க வந்துட்டான்." "குடைய பாரு, அன்னைக்கு கொடி தூக்க கை வரல, இன்னைக்கு குடை தூக்க வருது." எல்லாம் அவர் முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி. அவருக்கு நம் பேச்சு தெரியாது. அசையும் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மரியாதைக்குப் புன்னகைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஜஸீலா, அந்தப் புன்னகையை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த ஆட்டத்தை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் நீ நடுக்களத்தில் இருந்தாய், என் முகத்தை நீ பார்க்கவில்லை. எதிரணிக் கோல்கீப்பர் லிஜி ஆட்டம் தொடங்கியதிலிருந்தே என்னைப் பார்த்து வாயைக் கோணுவதும், குரங்கு போலக் கையை ஆட்டுவதுமாக இருந்தாள். ஒன்றுக்கு ஒன்று. பத்து நிமிடம்தான் பாக்கி. பந்தோடு நான் உள்ளே ஓடுகிறேன். அவள் தோளுக்குப் பின்னால் மஞ்சள் கொடி உயர்ந்தது. நம் ஆட்டங்களுக்கு விசிலோடு கொடியும் காட்ட வேண்டும் என்று சங்கத்தோடு மல்லுக்கட்டி மாஷ் வாங்கித் தந்த அதே கொடி. ஆஃப்சைடு என்று எனக்குப் புரிந்தது. நிற்பதற்கு நேரமும் இருந்தது. பந்தை எடுக்க அவள் சாவகாசமாகக் குனிந்தாள். அவளுக்கு விசில் கேட்டிருந்தது. நான் உதைத்தேன். பந்தை அல்ல.

அவள் மணிக்கட்டு முறிந்ததும், கூட்டம் எழுந்து நின்றதும் உனக்குத் தெரியும். நான் காதைத் தொட்டுக் காட்டி, கொடியே வரவில்லை என்பதுபோலக் கையை விரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். "பாவம், காது கேக்காத பொண்ணு" என்று கேலரியில் எத்தனை வாய்கள் அசைந்தன! இரக்கத்தை எவ்வளவு வெறுத்தவள் நான்! அன்று அதற்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டேன்.

மாஷ் அப்போது மறுகோடியில், கால் பிசகிய நம் கோல்கீப்பருக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. நான் காட்டியதை நம்பினார். களத்துக்குள் ஓடிவந்து, சாத்துக்குட்டியின் கொடியைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து அவர் காலடியில் எறிந்தார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாத மனிதர். மாஷுக்கு மூன்று வருடத் தடை, அணிக்கு ஒரு வருடம். அடுத்த வாரம் மாநில முகாமுக்குப் போகவேண்டிய உன் பெயரும் அதில் அடிபட்டுப் போனது.

திரும்பும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரும் பார்க்காதபடி, இருக்கைக்குக் கீழே கையைச் சின்னதாக அசைத்துக் கேட்டார்: "கொடிய பாத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், பேருந்தின் நடுவில் நின்று, பந்தாகவே மாறிவிட்டார். பின்புறத்தைத் தடவிக்கொண்டு முனகினார்: "ஜஸீலா உதைச்சா மாமியார் வீட்டு விருந்து மாதிரி, எழுந்திரிக்கவே முடியல. மத்தவளுங்க உதைச்சா அரசாங்க ஆபீஸ்ல ஃபைல் நகர்ற மாதிரி." அழுதுகொண்டிருந்த நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

மேடைக்கு வருகிறேன். சஜீவன் காகிதத்தை மேசையில் விரித்து, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்திருந்தான். நான் வார்டன் கதையைச் சொன்னேன். வார்டன் நம்மை வரிசையில் நிறுத்தித் திட்டும்போது, மாஷ் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நீங்க எல்லாரும் தங்கக்கட்டிங்களாம், இன்னைக்கு பாயசமாம்" என்று மொழிபெயர்ப்பார். நாம் பல்லைக் காட்ட, வார்டனுக்கு இன்னும் கோபம் ஏறும். அரங்கம் முழுக்கக் கைகள் உயர்ந்து ஆடின. என் சைகைகளை டீச்சர் ஒருவர் குரலில் சொல்லிக்கொண்டிருந்ததால் சாத்துக்குட்டியும் சிரித்தார். மாஷைப் பற்றி உண்மை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டே இறங்கிவந்து, பொய்யில் கையெழுத்துப் போட்டேன்.

தேநீர் நேரத்தில் சாத்துக்குட்டி என்னைத் தேடி வந்தார். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: "நல்லா பேசினே மோளே. அவர் இருந்தா இன்னும் ரெண்டு கதை சேர்த்திருப்பார்." அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நபீஸாத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் உதட்டைப் படிக்க வேண்டுமென்று மெதுவாகப் பேசினார். "ஆட்டம் முடிஞ்ச அடுத்த வாரமே மாஷ் சாத்துக்குட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டுட்டாரு. பஸ்ல புள்ள மொகத்த பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுன்னாரு. அவளா ஒரு நாள் வந்து சொல்லுவா, அதுவரைக்கும் நீங்க பொறுத்துக்கணும்னு அவர்கிட்ட கேட்டுக்கிட்டாரு."

ஒன்பது வருடம், ஜஸீலா. சந்தையில், பள்ளிவாசல் முக்கில், நம் பிள்ளைகள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒன்பது வருடம். மாஷ் மருத்துவமனையில் கிடந்தபோது நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கப்போகிறேன். உண்மையை எழுதிக் கொடுத்தால் கோப்பை மாஷுக்கு இல்லை. அது தெரிந்துதான் போகிறேன். இதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஆனால் முகாமை இழந்தவள் நீ. வேறொருவர் வாயிலிருந்து உனக்கு இது தெரியக் கூடாது.

என்னைத் திட்டி எழுது. நான்கு பக்கமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் முதுகைப் பார்த்துக்கொள், கனமானதைத் தனியாகத் தூக்காதே.

என்றும் உன் அணியில் இருக்க விரும்பும்,
பிரசீதா.

டிசம்பர் 20.

இதைத் தபாலில் போட ஐந்து வாரம் எனக்குத் துணிவில்லை. அதற்குள் நடந்ததைச் சேர்த்துவிடுகிறேன். சொன்ன திங்கட்கிழமையே போனேன். பழைய காகிதத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். நான் உண்மையை எழுதிய புதியதை வாங்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்கள். சஜீவன் என்னைப் பழைய மாணவர் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டான். கால்பந்துச் சங்கச் செயலாளர் சாத்துக்குட்டியிடமும் ஒரு வாக்குமூலம் கேட்டிருக்கிறார். வயதாகிவிட்டது, அன்று கொடி காட்டினேனா என்பது நினைவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று காகிதங்களையும் ஒரே கோப்பில் கட்டி வைத்துவிட்டார்கள். சென்ற ஞாயிறன்று போட்டி நடந்தது. கோப்பையில் யார் பெயரும் இல்லை.