படத்தை நிப்பாட்டிய பரமேசக்கா

என் ஆசை பரமேசக்காவுக்கு,

நீங்க டிக்கெட் கிழித்த பெண்கள் வாசலில் இப்போது நான் நிற்கிறேன். தியேட்டரைத் திறந்தாச்சு அக்கா! சண்டையில் பல்கனிக் கூரை போனதுதான், அங்கே தகரம் அடித்திருக்கிறார்கள். மழை பெய்தால் ஒரு வசனமும் கேட்காது. ஆனால் அந்தப் பெரிய தூண்களுக்கு வெள்ளையடித்து, சிவப்புத் திரைச்சீலையைத் தோய்த்துத் தொங்கவிட்டதும் கிளிநொச்சிக்கே களை வந்துவிட்டது. வட்டக்கச்சிச் சனம் உழவு மிசின் பெட்டியில் வந்து இறங்குது.

சந்தோசம் சொல்ல மட்டும் எழுதவில்லை. ஸ்கந்தபுரத்திலிருந்து தங்கம்மா என்று ஒரு தாய் வாறா. செல் குண்டடிக்குச் சனம் ஓடினபோது தவறிப்போன மகன் சிவத்தைத் தேடுறா. படம் பார்க்க உள்ளே வருவதில்லை. வாசலில் நின்று வருகிற பெடியன்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பா. "இவ்வளவு சனம் வருதே பிள்ளை, ஒருத்தருக்குமே தெரியாமல் இருக்கும்?" என்று என்னைக் கேட்கிறா. நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

பழைய முதலாளியின் மகன்தான் இப்போது முதலாளி. நல்ல பிள்ளை. "மகன்ரை பேரை எழுதித் திரையிலை சிலைட் போடுவம் அக்கா, இடைவேளையிலை போடுவம்" என்றார். இடைவேளையிலா! எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது.

ஞாபகம் இருக்கா அக்கா? எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தோம். நான் ஏறின லொறி கிளிநொச்சிக்கு வந்தது. தம்பி ராசு ஏறின லொறி எங்கே போனதென்றே தெரியவில்லை. வயிற்றுப்பாட்டுக்குத் தியேட்டர் வாசலில் கச்சான் கடலை விற்றேன். "ஏனடி மூஞ்சையைத் தூக்கிவைச்சுக்கொண்டு விக்கிறாய்? ஆர் வாங்குவினம்?" என்று அதட்டினீங்க. நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டதும், கையைப் பிடித்து படம் ஓட்டுகிற ஒப்பரேட்டரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனீங்க. கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் கருக்கி, ஊசியால் ராசுவின் பெயரைக் கீறினீங்க. இடைவேளைக்கு இடைவேளை அது திரையில் விழுந்தது.

மாசக்கணக்காய்க் காட்டினோம். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஒரு நாள் இடைவேளையில் தற்செயலாய் முன்பக்கத்து மலிவு டிக்கெட் கலரியை எட்டிப் பார்த்தீங்க. தலையில் கை வைத்தீங்களே!

"ஐயோ, என்ரை விசர்ப் புத்தி! இந்த நேரத்திலை ஆம்பிளையள் ஆரடி உள்ளுக்கை இருக்கிறாங்கள்? பீடி, தேத்தண்ணி எண்டு முழுப்பேரும் றோட்டிலை!"

உண்மைதானே. இருக்கிற கதிரை பறிபோய்விடும் என்று குழந்தைகளோடு உள்ளே குந்தியிருந்த பெண்கள் மட்டும்தான் அதை வாசித்தார்கள். பாவம், அவர்கள் எனக்காகக் கோயிலுக்கு நேர்த்திகூட வைத்தார்கள்.

அடுத்த காட்சியில், கதாநாயகன் வில்லனின் கழுத்தைப் பிடிக்கிற நேரம் பார்த்துப் படத்தை நிப்பாட்டி ராசுவின் பெயரைப் போட வைத்தீங்க. கலரி கூவின கூவலில் கூரை பறக்கும்போல இருந்தது. பழைய முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"பரமேசு, உனக்கென்ன பேய் பிடிச்சிட்டுதோ?"

"ஓம், பிடிச்சிட்டுது. அவங்கள் வாசிச்சு முடிக்கட்டும், பிறகு என்னை வேலையை விட்டுக் கலையுங்கோ."

அவர் கலைக்க முதல் கலரியிலிருந்து ஒரு மனிதர் நம்ம வாசலுக்கு வந்தார். "அந்தப் பெடியன் எங்கட புளியங்குளத்திலை மாடு பாக்கிறான், தங்கச்சி" என்றார். உங்களைக் கட்டிப்பிடித்து நான் அழுத அழுகையில் உங்கட சீலை நனைந்துபோச்சு. ராசு இப்போது மூன்று பிள்ளைக்குத் தகப்பன். இன்றைக்கும் இடைவேளை என்றால் முதலில் வெளியே ஓடுகிற ஆள் அவன்தான்!

எண்பத்துமூன்றில் இன்னும் சனம் வந்து சேர்ந்தபோது, நடுப்படத்தில் பெயர் போடுவது நம்ம தியேட்டரின் வழக்கமாகியிருந்தது. பிறகு ஊரடங்கு வந்து காட்சி குறைந்தது. மலேரியாக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன மாரிகாலத்தோடு கதவையும் பூட்டினார்கள். படம் ஓடின மண்டபத்தில் அகதிச் சனம் பாய் விரித்துப் படுத்தது.

நேற்றுப் பின்னேரக் காட்சிக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை அக்கா. நானே கீறின சிலைட்டோடு நேரே போய் ஒப்பரேட்டரிடம் "நிப்பாட்டு தம்பி" என்றேன். பாட்டு பாதியில் நின்றது. தங்கம்மாவின் மகன் பெயரும் ஊரும் திரையில் வந்தது. கலரி கூவப்போகுது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருத்தரும் கூவவில்லை. ஒரு விசில்கூட இல்லை. "கொஞ்சம் வைச்சிருங்கோ, வாசிக்க விடுங்கோ" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. பிறகு பல்கனியில் ஒரு மனிசி எழும்பி, "என்ரை மகளின்ரை பேரையும் போடுவியளோ?" என்று கேட்டா. முதலாளி ஓடி வந்தவர், அதைக் கேட்டு அப்படியே படியில் குந்திவிட்டார். இந்த ஊரில் யாரையாவது தேடாத ஆள் இருக்கா அக்கா?

படம் விட்டதும் தங்கம்மாவைச் சுற்றிக் கூட்டம். முல்லைத்தீவுக் கரையில் ஒரு சிவம் வலை இழுக்கிறானாம். விடியச் சைக்கிளில் போய்ப் பார்த்து வாறன் என்று ஒரு பெடியன் சொல்லியிருக்கிறான். அந்தச் சிவம் இவவின் பிள்ளைதானோ, தெரியாது. ஆனால் நேற்றுத்தான் முதன்முதலாய் அவ என்னிடம் ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தா.

நான் இந்த வாசலில் நிற்கிற மட்டும், தேடுகிற ஒருத்தரின் பெயரும் வெறும் கதிரைகளுக்கு முன்னால் விழாது. இது சத்தியம் அக்கா.

உங்கட கூடப்பிறக்காத தங்கச்சி,
ராசுவின் அக்கா லெட்சுமி