டோலன் சாகிற பக்கம்

லாஸ் ஏஞ்சல்ஸ்
9 ஜனவரி 1956

என் அருமை எமில்,

சுகம்தானே? இந்தக் குளிரில் உன் இடது கால் படுத்துகிறதா? இங்கே ஜனவரியிலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டச்சு செய்கிறேன். பொறாமைப்படாதே. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வெயில் இது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "லாயிட், பதினோரு புத்தகம் போதும்ப்பா. துப்பறிவாளர் டோலனுக்கு வயசாயிடுச்சு. நொண்டிக்கிட்டே இன்னும் எத்தனை கொலைகாரனைத் துரத்துவாரு? பன்னிரண்டாவதுல ஆளை முடிச்சுடு" என்றார். நான் வாதாடினேன் என்று சொல்ல ஆசைதான். வாதாடவில்லை.

உனக்குத் தெரியாமல் செய்ய மனசு வரவில்லை. டோலனின் நடை உன்னுடையது, கோபம் உன்னுடையது, சாட்சியைப் பார்த்ததும் "சாப்டியா?" என்று கேட்கிற வழக்கமும் உன்னுடையது. இருபத்தாறு வருஷம் கிளீவ்லேண்ட் போலீஸில் நீ பார்த்ததையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் நான் எழுத்தாளன் ஆனேன். வழக்கம்போல அத்தியாயங்களை அனுப்புகிறேன். போலீஸ்காரன் படித்துச் சிரிக்கிற மாதிரி எங்கேயாவது இருந்தால் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடு.

என்றும் உன்,
லாயிட்


கிளீவ்லேண்ட்
16 ஜனவரி 1956

அடேய் லாயிட்,

கொலை செய்வதற்கு முன்னால் தகவல் கொடுக்கிற முதல் ஆள் நீதான். என் சர்வீஸில் இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

சிரித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் சுருக்கென்றது. வேரா போய், நான் பெண்டாட்டி இல்லாதவனாகி இரண்டு வருஷமாகிறது. பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவனை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? சலூன்கார கஸ்ஸுக்குத் தெரியும். நான் நுழைந்ததும் கத்துவான்: "எல்லாரும் கையைத் தூக்குங்கடா, டோலன் வந்துட்டாரு!" முகத்தில் சோப்பு நுரையோடு நாலு பேர் கையைத் தூக்குவார்கள். வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசுவது அந்த அரைமணி நேரம்தான். டோலனைக் கொல்லாதே. உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். வயிற்றில் கட்டி. மார்ச் ஐந்தாம் தேதி அறுக்கிறார்கள். டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதுதானே என் தொழிலாக இருந்தது? அதற்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வேராவின் அடக்கத்துக்கு நீ அனுப்பிய மலர்வளையம் ரொம்பப் பெரிசு. வாசலில் நுழையவே இல்லை. நீ வந்திருந்தால் நுழைந்திருப்பாய்.

உன்,
எமில்


லாஸ் ஏஞ்சல்ஸ்
24 ஜனவரி 1956

என் எமில்,

படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. பிப்ரவரியில் வருகிறேன், சத்தியம். இங்கே சினிமாக் கம்பெனிக்காரர்கள் ஒரு திரைக்கதையைத் திருத்தச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். முடிந்த மறுநாளே ரயில் ஏறுகிறேன்.

டோலன் விஷயம் என் கைமீறிவிட்டது, மன்னித்துக்கொள். அவன் சாகிற பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். ஏரிக்கரைச் சரக்கு மேடை, பனி, வயிற்றில் குண்டு. பக்கத்தில் யாருமில்லை. ஒன்றரைப் பக்கம் தனக்குத்தானே பேசிவிட்டுக் கண்ணை மூடுகிறான். நான் எழுதியதிலேயே இதுதான் உசத்தி என்று நினைக்கிறேன். நீ சொன்னால்தான் நம்புவேன்.

உன்,
லாயிட்


கிளீவ்லேண்ட்
2 பிப்ரவரி 1956

லாயிட்,

சுத்த அபத்தம்.

வயிற்றில் குண்டு வாங்கியவன் ஒன்றரைப் பக்கம் பேசமாட்டான். அப்படி மூன்று பேர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தன் என்கூட ரோந்து வந்த போலீஸ்காரன். தண்ணீர் கேட்டான், அம்மாவைக் கேட்டான். அப்புறம், "சார்ஜென்ட், போயிடாதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எங்கே போனேன்? அவன் கை என் கைக்குள்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சரி, கொல்வது என்று ஆகிவிட்டது, கொல். ஆனால் அந்த மேடையில் அவனைத் தனியாகப் போடாதே. யாரையாவது பக்கத்தில் உட்கார வை. யாராக இருந்தாலும் பரவாயில்லை. இதை மட்டுமாவது எனக்காகச் செய்.

பிப்ரவரியில் என்றைக்கு வருகிறாய்? தேதி எழுதவில்லையே. பின்பக்க அறையில் சாமான்களை ஒதுக்கிவைக்க வேண்டும்.

எமில்


லாஸ் ஏஞ்சல்ஸ்
20 பிப்ரவரி 1956

என் எமில்,

நீ சொன்னதுதான் சரி. முழுக்கக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். டோலனைக் கொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே செய்தி கேட்டு, அவனுடைய பழைய சிநேகிதன் ஒருவன் மூன்று நாள் ரயிலில் வருகிறான். சரியான நேரத்தில் வந்து சேர்ந்து, பனியில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கடைசிவரை கையை விடாமல் இருக்கிறான். பதிப்பாளர் தொலைபேசியிலேயே மூக்கைச் சிந்தினார். பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.

என்னால் வர முடியவில்லை, எமில். கம்பெனி இன்னும் இரண்டு வாரம் இழுக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். வேலை போன வாரமே முடிந்துவிட்டது. டிக்கெட்டும் வாங்கினேன். நிலையம்வரை போனேன், திரும்பிவிட்டேன். கதைகளில் எழுபது பிணங்களைக் கிடத்தியிருக்கிறேன். நிஜக் கட்டில் ஒன்றின் பக்கத்தில் உட்காரத் தைரியமில்லை. ஏப்ரலில், நீ தேறியதும், புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். திட்டினாலும் பதில் எழுது.

உன்,
லாயிட்


கிளீவ்லேண்ட்
29 பிப்ரவரி 1956

அன்புள்ள லாயிட்,

பக்கங்களைப் படித்தேன். சிவப்புப் பென்சிலுக்கு வேலையே இல்லை. அந்தச் சிநேகிதன் ரயிலிலிருந்து இறங்கி, பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருகிற இடத்தில் அழுதுவிட்டேன். பன்னிரண்டு புத்தகத்தில் இதுதான் உசத்தி.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையன்று கூட இருப்பவர் பெயர் எழுத வேண்டுமாம். உன் பெயரைத்தான் எழுதியிருந்தேன். உன் கடிதம் வந்ததும் அடித்துவிட்டேன்.

கீழ்வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறாள். ஏழு வருஷமாகப் படியில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். பெயர் தெரியாது. இறங்கிப்போய்க் கதவைத் தட்டி, "உங்க பேரு என்னம்மா?" என்றேன்.

"இப்ப எதுக்கு?"

"ஆஸ்பத்திரில எழுதணும். எனக்கு வேற ஆள் இல்ல."

அவள் கதவை முழுசாகத் திறந்தாள். "அகதா பாலிக்" என்றாள். "எத்தனை மணிக்கு வரணும்? ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு உக்காந்திருந்தா உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

இல்லை என்றேன். அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் வர வேண்டாம், லாயிட். அத்தியாயங்களும் அனுப்ப வேண்டாம். உன்மேல் கோபமில்லை. நீ நன்றாக எழுதுகிறாய்.

எமில் ஹ்ருஸ்கா